மேற்குச் சுவரில் யன்னல்

முதலில் தகரத்தைத் தட்டிப் பார்த்தோம்.
தகரம் சுவர் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.
அது உடுப்பு.
உடம்பு ஆறு கப்பு:
மின்சார சபை கழித்துப் போட்ட
தார் ஊறிய கறுத்த கம்பங்கள்.
நடுக் கப்பில் இன்னும் ஒரு எண் தகடு,
ஏதோ ஒரு தெருவுக்கு
வெளிச்சம் தூக்கிய நாளின் எண்.
இப்போது எங்கள் கூரையைத் தூக்குகிறது.

முகத்துவாரம்.
ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில்
ஊரின் பேரிலேயே துவாரம்,
எங்கள் கொட்டிலில் மட்டும் ஒன்றும் இல்லை.
ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு
நாளைக்கு முந்நூறு,
அயன் பெட்டி மூன்று.
பங்குனி வெக்கையில் ஜெசிந்தா மயங்கி
தான் மடித்த அடுக்கின் மேலேயே விழுந்தாள்.
முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கேட்டாள்:
"கசங்கிப் போச்சா?"

அதற்குப் பிறகுதான் யன்னல்.

பியதிலக பாஸ் வந்தார்.
நடுவில் வைத்தால் வடிவு என்றார்.
நடுவில் கப்பு நின்றது.
"கொஞ்சம் செதுக்கலாம் நோனா, ஒன்றும் ஆகாது."
அந்த ஒன்றும் ஆகாது எனக்குப் பழக்கம்.
கிழக்கில் வாசல் வெட்டியபோது
தம்பி றொபின்சன் சொன்னதும் அதுதான்,
சொல்லிக்கொண்டே சாய்வு முட்டை அறுத்தான்.
ஆனிக் காற்றில் கொட்டில் ஒரு சாண் சாய்ந்தது.
ஜாக்கி வைத்து நிமிர்த்தும்வரை
பதினொரு மாதம்
கதவைக் கயிற்றால் கட்டினோம்.

எனக்குத் தச்சு தெரியாது.
துணி தெரியும்.
பொத்தான் துளையை ஓரம் தைக்காமல் வெட்டினால்
முதல் தோய்ச்சலிலேயே
கழுத்துவரை ஓடும்.
ஒரு பழைய சட்டையில் அதைக் காட்டினேன்,
அரைவாசி சிங்களத்தில்
அரைவாசி கத்தரிக்கோலால்.
பாஸ் சட்டையை வாங்கி
துளையைக் கண்ணுக்கு நேரே பிடித்து
அதற்குள்ளால் என்னைப் பார்த்தார்.

பிறகு பென்சில் நகர்ந்தது,
நடுக் கப்புக்கும் வடக்குக் கப்புக்கும் இடையில்.
தெற்குப் பக்கம் சாய்வு முட்டு, அங்கே கை வைப்பதில்லை.
அறுபடப்போவது ஒரேயொரு குறுக்குச் சட்டம்.
அறுக்குமுன்பே இரு பக்கமும் நிமிர்ந்த கட்டை,
மேல் சட்டத்திலிருந்து கீழ்ச் சட்டம்வரை.
அறுந்த முனைகள் அதைப் பிடித்துக்கொள்ளும்.
தலைக்கு மேல் தடித்த பலகை,
அதற்கும் மேலே மழைக்கு ஒரு தகர நாக்கு,
மேல் தகரத்தின் உள்ளே செருகி.

பள்ளிக்கூடத்தில்
யன்னலுக்குப் பழைய சொல் ஒன்று படித்தோம்: காலதர்.
கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி.
பரீட்சையில் இரண்டு புள்ளி.
கால் என்றால் தூணும்தான் என்று
யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.
ஒரு காலுக்கு வழி விட
இன்னொரு காலை வெட்டாதே என்று
யாராவது சொல்லியிருந்தால்
றொபின்சனுக்கும் சேர்த்துப் பாடமாக்கியிருப்பேன்.

தகரம் விழுந்த சத்தத்தில் காகங்கள் எழும்பின.
நான் நினைத்த கடல் இல்லை.
அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தாங்கி,
அந்தப் பக்கம் துறைமுகப் பாரந்தூக்கியின் கழுத்து,
இரண்டுக்கும் நடுவில்
ஒரு நாடா அகலத்துக்கு நீலம்.
காற்று கேட்டுக்கொண்டு வரவில்லை.
வந்த வேகத்தில்
நாற்பது விரிப்பைக் கலைத்துப் போட்டது.
ஜெசிந்தா என்னைத் திட்டினாள்.
நன்றாகவே திட்டினாள்.
இப்போது ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஒரு கல்.

ஆனி வந்தது.
இரண்டாம் கிழமை, கரண்ட் போன இரவில்
டோர்ச்சோடு போய்
எண் தகட்டுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தேன்.
நடுக்கம் இருந்தது,
ஓடுகிற பஸ்ஸின் கம்பியில் இருக்குமே, அவ்வளவு.
வடக்குக் கப்பிலும் அதே அளவு.
யன்னல் ஓரத்தைத் தடவினேன். ஈரம் இல்லை.

பிறகு கிழக்கே போய்
கதவை மூடிப் பார்த்தேன்.
திறந்து
இன்னொரு தடவை மூடினேன்.