பின்மொழிபெயர்ப்பு

மூலத்தை எனக்குக் காட்டமாட்டார்கள்.
அதுதான் விதி.
தேயோனா ஆங்கிலத்திலிருந்து
ஜார்ஜிய மொழிக்குக் கூட்டிவந்த இருபத்துநான்கு கேள்விகளை
நான் ஆங்கிலத்துக்கே திரும்ப நடத்திப் போகவேண்டும்.
வழி கேட்கக் கூடாது.

குத்தாய்சி மருத்துவமனை, மூன்றாம் மாடி.
ஜன்னலுக்குக் கீழே ரியோனி ஆறு
வெள்ளைக் கற்கள்மேல் இரைந்துகொண்டு போகிறது.
ஹீட்டர் வேலை செய்யவில்லை.
மூக்கைப் பற்றி எழுதுகிறவளுக்கு
மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது.

உங்கள் மூக்கில் உங்களுக்குத் திருப்தியா?
எங்கள் மொழியில் திருப்தியைப் பிரித்துப் பார்த்தால்
உள்ளே 'போதும்' உட்கார்ந்திருக்கும்.
மூக்கு போதுமா என்றா கேட்கிறோம்?
டாக்டர் ஓத்தியா சிரித்தார்:
"இந்த ஊரில் யாருக்கும் மூக்கு போதாமல் போனதில்லை.
மிஞ்சியதைத்தான் என்னிடம் கொண்டுவருகிறார்கள்."

ஏழாவதில் மூச்சு.
எங்கள் மூச்சு என்ற சொல் வாசனையில் தொடங்குகிறது.
மூச்சு தடையில்லாமல் வருகிறதா என்றால்
இரண்டு பேர்
அடுப்பு ரொட்டி மணப்பதாகப் பதில் எழுதியிருந்தார்கள்.
தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதினொன்று:
கடந்த நான்கு வாரங்களில்
மூக்கு உங்களை எவ்வளவு தொந்தரவு செய்தது?
தேயோனாவிடம் தொந்தரவுக்கு மூன்று சொல் இருந்தன.
ஈ செய்வது, கடன்காரன் செய்வது, பல்வலி செய்வது.
கடன்காரனைத் தேர்ந்திருந்தாள்.
பேருந்து ஓட்டும் வாழா பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:
"என்னைச் செய்யவில்லை. மாமியாரைச் செய்தது.
பேத்திக்கும் இதே மூக்கு வந்துவிட்டதாம்.
அதற்கு எத்தனை போடுவது, மூன்றா நான்கா?"

பதினாறாவது
அடுத்தவர் படுக்கையறையில் மூக்கை நுழைக்கிற கேள்வி.
உங்கள் குறட்டை
உடன் உறங்குபவரின் தூக்கத்தைக் கெடுக்கிறதா?
பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை ஆறு வட்டங்கள்.
மருந்துக்கடைக் கல்லாவில் இருக்கும் த்சியூரி
ஆறையும் விட்டுவிட்டு
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்:
"இரண்டு வருடமாக மறுபக்கம் காலி.
நான் குறட்டை விடுகிறேனா என்று
யாரைக் கேட்க?"

அதற்கு ஒரு கூட்டம், நாற்பது நிமிடம்.
பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளலாமே என்றார் புள்ளியியல்காரர்.
"பூஜ்யம் என்றால் கெடுக்கவில்லை" என்றாள் தேயோனா.
"கெடுப்பதற்கு ஆள் இருந்து, கெடுக்கவில்லை."
யாரோ தேநீர் ஊற்றினார்கள்.
கடைசியில் ஏழாவதாக ஒரு வட்டம் வரைந்து
பக்கத்தில் எழுதினோம்:
பொருந்தாது.

பக்கத்தைத் திருப்பினால் பதினேழு.
உங்கள் மூக்கு உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறதா?
இதற்கு மட்டும் த்சியூரி
ஐந்தை இரண்டு முறை வட்டமிட்டிருந்தார்,
தாள் கிழியும் அளவுக்கு.

மாலை கோப்பை அனுப்பும் முன்
அந்தப் பென்சில் வரியையும் ஆங்கிலமாக்கினேன்.
யாரும் கேட்கவில்லை.
அதற்கு எண் கிடையாது, அளவுகோல் கிடையாது.
இந்த வேலையில்
என் கண்ணில் பட்ட ஒரே மூலம்
அதுதான்.