முத்தையன்கட்டிலிருந்து ஒரு வலது சிறுநீரகம்

ஐஸ்கிறீம் வாளியில் வந்தது.
போமலின் போதாது. உறுப்பின் பத்து மடங்கு ஊற்றுங்கள் என்று
சேர்ஜனுக்கு மூன்றாம் தடவை எழுதுகிறேன்.
கனகேஸ்வரி நவரத்தினம், ஐம்பத்துமூன்று,
முத்தையன்கட்டு இடதுகரை.
முன்னைய நோய்கள் என்ற கோட்டில்
ஒற்றைச் சொல்: இல்லை.

கத்தியை இறக்கினேன்.
கொழுப்பைத் தாண்டுமுன்
கிர் என்றது.
கல்லாக்கும் என்றான் றொசான்.
கல்லுக்கு இப்படி விளிம்பு வராது.
கறுத்த இரும்பு, பெரிய நெல்மணியளவு,
தன்னைச் சுற்றி வெள்ளைத் தழும்பு போர்த்திக் கிடந்தது.
படிவத்தில் அதற்குக் கோடு இல்லை.
வன்னியில் எவரும் அதை நோய் என்று எழுதுவதில்லை.

கட்டி அங்கில்லை. கீழ்முனையில்,
நான்கு சென்ரிமீற்றர், சாம்பல் வெளிறல்,
வெட்டிய முகம் வெண்டிக்காய்போல் வழுக்கியது.
அந்த வழுக்கலைக் குறித்திருக்க வேண்டும்.
பகல் ஒன்றரை, கரண்ட் போகப்போகிறது என்ற அவதி.
குறிக்கவில்லை.

மறுநாள் ஸ்லைட்டில் கதிர்கள்.
இரு நுனியும் கூர்ந்து, நூற்கும் கதிர்போல்,
பக்கம் பக்கமாய் ஒரே திசையில் சாய்ந்த கலங்கள்.
இழையம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தபோது
இழை என்று பிரித்துப் பார்த்ததில்லை.
நானூறு மடங்கில் இன்று
யாரோ நிறுத்தாமல் நூற்கிறார்கள்.

கதிருரு எதற்கும் வரும்.
ஆறிய தழும்புக்கு வரும். தசைக்கு வரும்.
வந்த வழி மறந்த புற்று
கடைசியில் எடுக்கும் முகமும் இதுதான்.
அதுவானால் ஒரு வருடம். சிலவேளை அதுவுமில்லை.
முதலில் அதையே எழுதினேன்,
பென்சிலால்.

இரும்பின்மேல் பழியைப் போடவும் கை உன்னியது.
போட்டால் எல்லோருக்கும் விளங்கும்.
ஆனால் அது கட்டியிலிருந்து மூன்று விரல் தள்ளி,
நடுவில் பழுதில்லாத சிறுநீரகம்.
தழும்பையும் தனியே பார்த்தேன்:
அது வெறும் தழும்பு.

திரும்பவும் ஸ்லைட்.
இத்தனை கலத்தில் கோபமான கரு ஒன்றுமில்லை.
ஐம்பது புலத்தில் பிரிகிற கலம் ஒன்றே ஒன்று.
செத்த இடம் இல்லை.
கதிர் என்று நான் நினைத்ததில் பாதி
நசிந்து ஒடுங்கிய நுண்குழாய்கள்.
அவற்றுக்கிடையில் என்னவோ வெளிறிக் கிடந்தது.

அல்சியன் நீலப் போத்தலில் ஒரு விரற்கடை மிச்சம்,
திகதி முடிந்து இரண்டு மாதம்.
ஊற்று, என்றேன்.
பிடித்தது.
வெளிறிக் கிடந்த இடமெல்லாம் நீலம்.
றொசான் என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தான்.

ஆனாலும் ஒரு நீலத்தை வைத்துக் கையெழுத்துப் போடேலாது.
எந்தக் குழாயின் பிள்ளை நீ என்று
கலத்திடம் கேட்கும் சாயங்கள் கொழும்பில்.
மெழுகுக் கட்டையைப் பஞ்சில் சுற்றி
இரவு பஸ்ஸில் அனுப்பினோம்.

புதன்கிழமை அவரே வந்துவிட்டார்,
மாங்குளத்தில் பஸ் மாறி.
கதவுக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது.
வந்தார். விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
கேட்டது ஒன்றுதான்:
காலபோகம் நான் விதைக்கட்டோ,
குத்தகைக்குக் குடுக்கட்டோ?
இன்னும் பதினொரு நாள் என்றேன்.
அதுக்குள்ள மழை வந்திடும் என்றார்.

பதினாறு நாளானது.
சளிசேர் நுண்குழாய்க் கதிர்க்கலப் புற்று.
அரிதானது. மெல்ல நகர்வது.
பெரும்பாலும் வெட்டியதோடு நிற்பது.
பெரும்பாலும் என்பதை மூன்றுமுறை வாசித்து
அழிக்காமல் விட்டேன்.
கீழே இன்னொரு வரி:
உலோகத் துண்டு ஒன்று, ஆறு மில்லிமீற்றர்,
கட்டியோடு தொடர்பில்லை.

போன் எடுத்தேன். வரப்பில் காற்று இரைந்தது.
விதைச்சாச்சு என்றார், நான் வாய் திறக்குமுன்.
பிறகு சொன்னேன்.
நீண்ட நேரம் இரைச்சல் மட்டும்.

இரும்பைக் கழுவி வைத்திருக்கிறேன்,
கிளினிக்குக்கு வரும்போது வேண்டுமானால்.
எனக்கேன் அது, என்றார்,
இடுப்புக்குள்ள இன்னும் மூண்டு கிடக்கு.