ஒழுகுற தாங்கி மாடி

கல்லடிப் பாலம் தாண்டி மூன்றாவது ஒழுங்கை.
மூன்று மாடி, பன்னிரண்டு வீடு.
கம்பி மாற்றி, குழாய் மாற்றி, ஜன்னலுக்கு அலுமினியம் போட்டு
எல்லாம் முடிந்தது. இனி அதற்கு வேண்டியது
ஒரு பெயர், ஒரு நிறம், ஓர் இலச்சினை,
கதவு எண்களுக்கு ஓர் எழுத்துரு.

பாசலிலிருந்து சதாகரன் அண்ணனின் குரல்பதிவு வருகிறது,
பின்னால் ட்ராம் மணி:
"நுஸ்ரா தங்கச்சி, ஒரு கிளாஸ் இருக்கோணும்.
பார்த்த உடன வாவி தெரியோணும்.
ஒரு மீன் போட்டா என்ன?"

மீன் வேண்டாம் என்றேன்.
இந்த ஊரில் டியூட்டரிக்கு மீன், பேக்கரிக்கு மீன்,
பல் டொக்டரின் பலகையிலும்
வாயைத் திறந்து பாடிக்கொண்டிருக்கிறது ஒன்று.

காத்தான்குடியில் ஆட்டோ பிடித்தேன்.
"சதாகரன் அபார்ட்மென்ட்."
தெரியாது.
"புதுசாத் திருத்தின மாடி வீடு."
தெரியாது.
போனில் படத்தைக் காட்டினேன்.
"ஓ, ஒழுகுற தாங்கி மாடி!
அத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

பிறகு பாலம் வரை அவர்தான் பேசினார்.
அலை வந்த கிழமை முப்பத்தொரு பேர்
அந்த மொட்டைமாடியில் கிடந்தார்களாம், மூன்று இரவு.
கீழே கிணறெல்லாம் உப்பு.
தாங்கியின் வெடிப்புக்குக் கீழே
ஒரு பால்மா டின்னை வைத்து
முறை வைத்துக் குடித்தார்களாம்.
"நான் இருபத்தி ரெண்டாவது ஆள்" என்றார்,
மீதிக் காசு எண்ணிக்கொண்டே.

கிழக்குச் சுவரில் பெயிண்டர் ரகல்
சாரத்தில் நின்று சுரண்டிக்கொண்டிருந்தார்.
தாங்கியிலிருந்து இறங்கிய கறை,
மேலே ஒடுங்கி, கீழே பருத்து,
நடுவில் இடப்பக்கம் ஒரு சின்ன நெளிவு.
"பொறுங்க அண்ணன்" என்று
ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.
மற்ற நாள் போனபோது
மூன்று கோட் வெள்ளை.

அன்றிரவு அந்தக் கறையைத் திரையில் வைத்து
ஓரம் ஓரமாய்க் கீறினேன்.
நெளிவை நேராக்க மனம் வரவில்லை.
அதன் துரு நிறத்தையே எடுத்தேன், எண் மாறாமல்.
பெயர் ஒரே சொல்: தாங்கி.
தண்ணீரை வைத்திருப்பதும் அது,
பாரத்தை வைத்திருப்பதும் அது.
இரண்டு பக்க விளக்கம் எழுதி அனுப்பினேன்.

நீலச் சரி விழுந்தது.
இரண்டு நாள் வேறொன்றும் விழவில்லை.

"தங்கச்சி, டேங்கெண்டு பேர் வெச்சா
ஆர் வாடகைக்கு வருவாங்க?
அந்தக் கதையும் வேணாம், சோகம் விக்காது.
லகூன் பேர்ள் ரெசிடன்சீஸ் எண்டு போடுங்க.
ஆனா நீங்க கீறின முத்து வடிவாயிருக்கு.
அந்த ரோஸ் கோல்டும் நல்ல கலர்."

முத்து.
நான் திருத்தவில்லை.
லெப்டொப் தவணை இன்னும் நாலு மாதம் இருந்தது.
வாயில் பலகையில், கடிதத் தலைப்பில்,
பன்னிரண்டு கதவிலும், குப்பைத் தொட்டி மூடியிலும்
ஒழுகிய துளி முத்தாகி ஏறியது.

கார்த்திகை பிறந்து, விடாமல் ஐந்து நாள் மழை.
ஆறாம் நாள் பாசலிலிருந்து ஒரு படம்.
குடியிருக்கும் யாரோ எடுத்து அவருக்கு அனுப்பியது:
கிழக்குச் சுவர்.
மூன்று கோட் வெள்ளைக்கு மேலே,
மேலே ஒடுங்கி, கீழே பருத்து,
அதே இடப்பக்க நெளிவு.

"சொல்லாமக் கொள்ளாமச் சுவரிலயும் கீறிப்போட்டீங்க!
எல்லாரும் நல்லாயிருக்கெண்டு சொல்றாங்க.
அதுக்கும் சேர்த்து பில் அனுப்புங்க."

ரகலுக்கு எடுத்தேன்.
"தாங்கி திரும்ப ஒழுகுதா அண்ணன்?"
"தாங்கி புதுசு தங்கச்சி.
அது பழைய தண்ணி."

பில்லைத் திறந்து வைத்திருக்கிறேன்.
திகதி போட்டாயிற்று, அவர் பெயர் போட்டாயிற்று.
'வேலை செய்தவர்' என்ற கட்டத்தில்
கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.
வெளியே இன்னும் பெய்கிறது.