கழிவு எடை

எடைமேடையில் லாரி ஏறும்போது
இரும்பு ஒருதரம் முனகும்.
குலையோடு ஓர் எடை, இறக்கிவிட்டு ஓர் எடை,
கழித்து வருவதுதான் பழம்.
பதினொரு வருடமாய் இதுதான் பிழைப்பு.
அதனால் பகாவ் ரக்பிக் குழுவுக்கும்
என்னையே கணக்கெழுதச் சொன்னார்கள்.

மாதம் ஆறாயிரம் ரிங்கிட்.
அதற்குமேல் ஒரு குழு
தன் பதின்மூன்று பேருக்கும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.
நல்ல விதிதான்.
இல்லையென்றால் டயர் கடை லிம் தவுக்கே
சிரம்பான் பையன்களையெல்லாம் வாங்கி
ஒரே லாரியில் ஏற்றி வந்துவிடுவார்.

விதிக்கு ஒரு வால். பிரிவு ஒன்பது:
நட்சத்திர ஆட்டக்காரன் ஒருவன்,
இந்த ஊர் மண்ணில் பிறந்தவன் என்றால்,
அவன் வாங்குவது வரம்பில் சேராது.

நவநீதன் பிறந்திருந்தான்,
கல்லுமலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில்.
இப்போது அங்கே கூட்டுக்காகக் குருவி வளர்க்கிறார்கள்,
பிரசவ அறையில் ஒலிபெருக்கி வைத்து
இல்லாத குருவிகளைக் கத்தவிடுகிறார்கள்.
மற்றப் பன்னிரண்டு பேரும்
கோலாப் பிலா அரசு மருத்துவமனைப் பிள்ளைகள்.
அம்மாக்கள் நாற்பது நிமிடம்
ஆம்புலன்சில் போய்விட்ட குற்றத்துக்கு
அவர்களுக்கு முழு எடை.

ஆறாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் ஐநூறு.
நவநீதனுக்கு ஐயாயிரம். தனி உறை, தனிப் பக்கம்.
அதில் ஆயிரத்து இருநூறு
முட்டிக்குள் போடும் ஊசிக்கே போகிறது.
அதையும் நான்தான் எழுதுகிறேன்.

காதுக்கு மேல் ஏழு தையலோடு
மாசிலாமணி வந்தான் சம்பளத்துக்கு.
"பொறாமை இல்லக்கா. அவன் ஓடுறது ஓட்டம்.
ஆனா அவன் ஓட வழி விட்டு
கீழே கெடந்தது யாருன்னு
அந்தப் பக்கத்துல இருக்கா?"
பார்த்தேன்.
அதற்குக் கட்டமே இல்லை.

ஜெகதேவனைப் பற்றி அவன் கேட்கவில்லை.
யாரும் கேட்பதில்லை.
அதே ஆஸ்பத்திரி, அதே கட்டில் என்கிறாள் அவன் அம்மா.
பதிவுத் திருமணம் இல்லை, பிறப்புப் பத்திரம் இல்லை,
ஆஸ்பத்திரி மூடியபோது பேரேடு எங்கே போனதோ,
பத்தொன்பது வயதில் அடையாள அட்டை இல்லை.
பயிற்சித் திடலில்
நவநீதனை மண்ணில் சாய்க்க முடிந்தவன் அவன் ஒருவன்.
சனிக்கிழமை ஆட்டத்தில் அவன் வேலை
மூலைக்கொடி நடுவது, தண்ணீர் தூக்குவது.
ஊதியம்: ரொட்டி சானாய் இரண்டு, ஒரு தே தாரிக்.
அதை 'இதர' என்று எழுதுகிறேன்.

போன மாதம் லீக் அதிகாரி தணிக்கைக்கு வந்தார்.
எல்லாப் பக்கமும் புரட்டிவிட்டுக் கேட்டார்,
"வரம்புக்கு வெளியே எத்தனை பேர்?"
"ஒருவர்" என்றேன்.
ஜன்னலுக்கு வெளியே ஜெகதேவன்
ஈரக் கொடிகளை உதறி மடித்துக்கொண்டிருந்தான்.
அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

அன்று இரவு கடைசி லாரி போனபின்
சாவி கொடுக்க வந்தவன்
சும்மா விளையாட்டாய் மேடை நடுவே போய் நின்றான்.
"எவ்வளவுக்கா?"
அந்த எந்திரத்துக்கு இருபது கிலோவுக்குக் கீழ்
கண் தெரியாது.
எழுபத்தைந்தோ எண்பத்திரண்டோ,
எண்பது என்று சிவப்பில் காட்டியது.
"சீட்டு அடிச்சுக் குடுங்க,
அம்மாகிட்ட காட்டணும்" என்று சிரித்தான்.
பொத்தானை அழுத்தினேன்.
வண்டி எண் கேட்டது.
எண் இல்லாமல் சீட்டு வராது.
மறுபடி அழுத்தினேன், மறுபடி கேட்டது.
எண்பது மட்டும் எரிந்துகொண்டே இருந்தது
அவன் இறங்கும்வரை.