வெள்ளைக்கரு

டிரெஸ்டன், ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறு.
ஆறு மணிச் சங்குக்கு
பதினேழாவது முக்காலியில் வந்து அமர்கிறாள்
தெக்லா நோவாக்.
இரும்பு விளிம்பில் தட்டு. பிள.
இந்த ஓட்டிலிருந்து அந்த ஓட்டுக்கு,
அந்த ஓட்டிலிருந்து இந்த ஓட்டுக்கு.
வெள்ளை வழிந்து கோப்பையில்,
மஞ்சள் நழுவி வாளியில்.
முகர்ந்து பார். ஊற்று.
அடுத்தது.

மதியத்துக்குள் ஆயிரம்,
விளக்கேற்றும்போது இரண்டாயிரத்துச் சொச்சம்.

பீப்பாயில் எட்டு நாள் புளிக்கும் வெள்ளை.
நடனக் கூடத்தில் எங்களைக் கண்டுபிடிக்க
முகம் பார்க்க வேண்டாம், மூக்கு போதும் என்பாள்
பக்கத்து முக்காலி எம்மெலீனே.
பிறகு அதன்மேல் தாளை மிதக்கவிடுவார்கள்.
தாள் காய்ந்து பளபளத்து
கட்டுக்கட்டாக ரயிலேறும்.
எங்கோ ஒருவன் அதில் வெள்ளி உப்பேற்றி
கண்ணாடிக்கு அடியில் வைத்து
வெயிலில் காட்டுவான்.
மணப்பெண்கள் வருவார்கள், மீசைகள் வரும்,
இனி கண் திறக்காத குழந்தைகளும்
மடியில் கிடந்தபடி வருவார்கள்.

தமிழில் வெள்ளைக்கரு:
வெள்ளைக்குள்ளேயே கருமை.
அவள் மொழியில் வெறும் முட்டை வெள்ளை.
கருமை பிறகுதான், வெயிலில்.

மஞ்சள் போவது
கையுறைத் தோல் பதனிடுகிறவனுக்கு.
சீமாட்டிக்கு முகத்தில் வெள்ளை, கையில் மஞ்சள்,
நமக்கு ஓடு. இதுவும் எம்மெலீனேதான்.

தெக்லாவுக்குப் படம் கிடையாது.
டஜனாக எடுத்தால்தான் எடுப்பார்கள்;
ஒரு டஜனுக்கு நாலு நாள் கூலி.
எட்டாயிரம் முட்டை.

அக்டோபரில் மில்வாக்கியிலிருந்து தபால்.
தங்கை ஹுல்டா கப்பலேறி ஆறு வருஷம்.
சீட்டுக்கட்டு அளவில் ஓர் அட்டை:
புருஷன் நாற்காலியில்,
அவன் தோளில் கை வைத்து அவள்.
வாடகை வீட்டுச் சமையலறையே எட்டிப் பார்த்தது.
மூக்கு உன்னுடையதேதான்.
உடுப்பு பட்டா?
இளைத்துவிட்டாளே பாவம்.

தெக்லா முகத்தைப் பார்க்கவில்லை.
அட்டையை விளக்குக்குச் சாய்த்தாள்,
மினுக்கின்மேல் கட்டைவிரலை ஓட்டினாள்,
நாக்கு நுனியால் ஓரத்தைத் தொட்டாள்.
ஹுல்டாவின் இடது கன்னத்தில்
கடுகளவு பழுப்புமஞ்சள் புள்ளி.

எங்கள் தாள்தான் என்றாள்.
சனிக்கிழமை, கடைசி வாளி,
கூலி மேஜையைப் பார்த்தபடி
யாரோ தட்டியிருக்கிறாள்.
வடிகட்டுகிற துணிக்கும் தப்பியிருக்கிறது மஞ்சள்.
மேஸ்திரி கண்டிருந்தால் அரை மார்க் போயிருக்கும்.

நீயா அது? என்றாள் வீட்டுக்காரி.
முப்பது பேர் இருக்கிறோம், என்றாள் தெக்லா.

அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள்.
ஹுல்டா சிரிக்கவில்லை.
அசையாதே என்று சொல்லியிருப்பார்கள்.

திங்கட்கிழமை.
சங்கு, முக்காலி, இரும்பு விளிம்பு.
மேஸ்திரி சுருட்டைப் பற்றவைக்கத் திரும்பிய நேரம்
தெக்லா ஓட்டைக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்தாள்.
கோப்பையில் ஒரு சொட்டு மஞ்சள்.

அதைக் கலக்கவிட்டு
அடுத்ததை எடுத்தாள்.