மிகாமல்

"உங்கள் பணியால் விளையும் மாற்றத்தை
இருநூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல் விவரிக்கவும்."
ஏழாம் கேள்வி.
கெதின் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
மழைநீர் வழிந்து
விண்ணப்பத்தின் வெல்ஷ் பக்கம் நனைந்தது.
ஆங்கிலப் பக்கம் தப்பித்தது, வழக்கம்போல.

என் வேலை இதுதான்:
மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும்
சின்னச் சின்னத் தொண்டு அமைப்புகளுக்குப்
பணம் இருக்கும் கதவைக் காட்டுவது,
எந்த மாதம் தட்டலாம் என்று சொல்வது.
தட்டுவதற்கும் தனியாக ஒரு படிவம் உண்டு.

கெதினிடம் இருப்பது ஒரு வேன்.
வாரம் மூன்று நாள், விடியாத ஐந்தரைக்கு
ஆறு பேரை வாசல் வாசலாக ஏற்றிக்கொண்டு
பாங்கரில் டயாலிசிஸுக்கு.
பேருந்து அந்நேரத்துக்கு இல்லை.
எந்நேரத்துக்கும் இல்லை என்று
போன வருடம் ஆகிவிட்டது.

"சரி, என்ன மாற்றம் விளைகிறது?" என்றேன்.
மூக்கைத் தேய்த்தபடி யோசித்தார்.
"சாகாமல் இருக்கிறார்கள்."
இரண்டு சொல்.
மீதி இருநூற்று நாற்பத்தெட்டை
இரவு பத்துமணி வரை நான் எழுதினேன்.
கிராமப்புறத் தனிமை, அணுகல், நிலைத்தன்மை,
பங்காளர்களோடு கைகோத்து.
'பயனாளிகள்' என்று தட்டும்போது மட்டும்
எலினெட் குறுக்கே வந்தாள்.
திரும்பும் வழியில் வாளியில் வாந்தியெடுத்துவிட்டு
"சீட்டுக்கு ஒண்ணும் ஆகலையே, கெதின்?" என்று
ஒவ்வொரு தடவையும் கேட்பவள்.
எந்தக் கட்டத்துக்குள்ளும் அவள் அடங்கவில்லை.

நவம்பரில் கவுன்சில் கூட்டம்.
பொதுமக்களுக்கு மூன்று நிமிடம்.
படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்:
முதலில் நன்றி, பிறகு எண்கள்,
மஞ்சள் விளக்கு எரிந்தால்
கேட்கும் தொகையைச் சொல்லிவிடுங்கள்.
எழுந்தார். ஆங்கிலம் மட்டும் தெரிந்த இரண்டு பேர்
காதில் கருவியை மாட்டிக்கொண்டார்கள்.

அவர் குழியைப் பற்றிப் பேசினார்.
பழைய சேப்பலைத் தாண்டிய வளைவில் இருக்கிற குழி.
அதன் நீளம். அதன் ஆழம்.
மழை நாளில் அது குட்டையாகி ஏமாற்றுவது.
திரும்பி வரும்போது வண்டி அதில் இறங்கினால்
ஊசி குத்திய கைகள் ஆறும்
ஒரே நேரத்தில் வலிப்பது.
"யாரும் கத்த மாட்டாங்க. அதான் கஷ்டம்."
மஞ்சள் எரிந்தது. சிவப்பு எரிந்தது.
தொகை வாயிலிருந்து வரவே இல்லை.
நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கவுன்சிலர் தெலெரி ஹ்யூஸ்
அன்று மாலை முதல்முறையாகப்
பேனாவைத் திறந்தார்.

அடுத்த செவ்வாயே தார் வண்டி வந்து
குழியை மூடிவிட்டுப் போனது.
அதற்கு விண்ணப்பம் இல்லை, ஏழாம் கேள்வி இல்லை.

பணம் பற்றிய கடிதம் டிசம்பரில்.
கேட்டது பதினோராயிரத்து நானூறு பவுண்டு.
கிடைத்தது மூவாயிரம்.
யானைப் பசி, சோளப்பொரி.
அதோடு வேனின் இரண்டு கதவிலும்
கவுன்சில் முத்திரையை ஒட்ட வேண்டும்,
எங்கள் செலவில், முப்பத்தெட்டு பவுண்டு.
மார்ச்சில் இன்சூரன்ஸ்.
லாட்டரி நிதிக்கு எழுதியிருக்கிறேன்,
நீர்மின் நிலையத்தின் நிதிக்கும்.
மதுக்கடையில் கெதினின் மைத்துனி
வினாடி வினா நடத்தி
நூற்று ஆறு பவுண்டு திரட்டினாள்.
அவளிடம் யாரும் மாற்றத்தை விவரிக்கச் சொல்லவில்லை.

ஜனவரியில், அறிக்கைக்குப் படம் எடுக்க
நானும் வேனில் போனேன்.
திரும்பும்போது சேப்பல் தெரிந்ததும்
ஆறு பேரும் பேச்சை நிறுத்தி
வலக்கையால் இடக்கையைப் பிடித்துக்கொண்டார்கள்.
வண்டி வழுக்கிக்கொண்டு போனது.
வளைவு முடிந்தும் பிடித்த கை விடவில்லை.
எலினெட் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.
"எங்கே போச்சு?"

அறிக்கையில் நான்காம் கேள்வி:
எதிர்பாராத விளைவுகள் ஏதேனும் உண்டா?
அவள் கேட்டதை அப்படியே எழுதி
அனுப்பிவிட்டேன்.

இன்று திரும்பி வந்திருக்கிறது,
பக்கத்தில் பென்சில் குறிப்போடு:
ஐம்பது சொற்களுக்குக் குறையாமல்.