கரி வெளுக்கும் வரை

உருக்காலையில் என் வேலை
ஆயிரத்து இருநூறு டிகிரியைக்
கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
எண்ணாகப் பார்ப்பது.
பாளம் பாளமாய்ச் சிவந்து வரும் எஃகு
ஒருநாளும் எனக்கு அடங்க மறுத்ததில்லை.

அரைக்கிலோ கரி மறுத்தது.

சூரமங்கலம். வாடகை வீட்டு மொட்டைமாடி.
தள்ளுபடியில் வாங்கிய மூன்றுகால் அடுப்பு,
அதில் ஒரு கால் குட்டை,
முட்டுக்கு ஓர் ஓட்டுச்சில்.
கரி, தெருமுனை இஸ்திரி வண்டி மாதம்மாளிடம்.
"பெட்டிக்கா?" என்றாள்.
"கோழிக்கு" என்றேன்.
சிரித்தபடி இரண்டு கை கூடுதலாய் அள்ளிப்போட்டாள்.

முதல் ஞாயிறு
மண்ணெண்ணெய் ஊற்றினேன்.
சுடர் ஆடும்போதே கோழியை வைத்தேன்.
தோல், தார்ச்சாலை.
எலும்போரம் இளஞ்சிவப்பு.
வாசம், லாரிப் பட்டறை.
ஷிப்டுக்காரர்கள் நாலு பேரும் நாகரிகமானவர்கள்,
தட்டைப் பார்த்தபடி இருந்தார்கள்.
எபனேசர் மட்டும் ஒரு கடி கடித்துவிட்டு
"மேடம், இதை இன்னொரு தடவை உலைக்கு அனுப்பணும்" என்றார்.
அன்றைக்குப் புரோட்டா வாங்கி வந்து சாப்பிட்டோம்.

அடுத்த ஞாயிறு யாரையும் கூப்பிடவில்லை.
கரியைக் குவித்து
அடியில் ஒரு கொத்துத் தேங்காய் நார்,
ஒரே ஒரு தீக்குச்சி.
அதற்குப்பிறகு செய்யவேண்டியது
ஒன்றும் செய்யாமல் இருப்பது.
எனக்கு வராத வேலை.
விசிறினேன், சாம்பல் பறந்து கண்ணில் விழுந்தது,
நிறுத்தினேன்.
சேர்வராயன் மலையில் ஏறும் வண்டியொன்றின் விளக்கு
கொண்டை ஊசியில் மறைந்து
அடுத்ததில் முளைத்தது.
ஏழு வளைவு வரை எண்ணினேன்.
குனிந்து பார்த்தால் கரிக்கு நரை கண்டிருந்தது.
ஆர்ப்பாட்டமெல்லாம் ஓய்ந்து
நெருப்பு உள்ளே போயிருந்தது.

முக்கால்வாசிக் கங்கை ஒரு பக்கம் ஒதுக்கினேன்.
மறுபக்கம் வெறும் தகரம்.
சூடு தாளாத துண்டு
போய் உட்கார ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

வெப்பமானி இல்லை.
கம்பிக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையை நீட்டினேன்.
ஒண்ணு.
ரெண்டு.
மூணு.
நாலு சொல்வதற்குள் இழுத்துக்கொண்டேன்.
பதினோரு வருஷத்தில் முதல்முறை
சூடு என் கையைத் தொட்டுத்
தன் பேரைச் சொன்னது.

மேட்டூர் ஜிலேபி மீன், இரண்டு.
பக்கத்துக்கு மூன்று கீறல்.
உப்பு, மஞ்சள், நுணுக்கிய ஏற்காட்டு மிளகு.
துணியால் ஈரம் ஒற்றி
எண்ணெயை மீனுக்குத் தடவினேன்
(போன வாரம் கம்பிக்கு ஊற்றியது
சொட்டிச் சொட்டித் தீயாகி எழுந்தது).

வைத்ததும் சீறல்.
ரெண்டு நிமிஷத்தில் திருப்பப் போனேன்.
கம்பி விடவில்லை.
இழுத்தால் தோல் போகும்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்,
என் சூப்பர்வைசர் நிற்பாரே அதுபோல.
"என்னக்கா, பொகையவே காணோம்?"
தெருவிலிருந்து மாதம்மாள்.
"அதான் நல்லதாம்" என்றேன்,
யாரோ எனக்குச் சொன்ன மாதிரி.

மறுபடி தொட்டபோது
மீன் தானாகவே விட்டது.
இரும்பு போட்ட கோடுகள் அதன் முதுகில்,
கரும்பழுப்பு, நேர்க்கோடு.
வால் மட்டும் கருகல்.
அதை யாருக்கும் காட்டப்போவதில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு
பெட்டியோடு படியேறி வந்தாள்.
"நாளைக்கு ஸ்கூல் தொறக்குதுக்கா.
அறுபது யூனிபாரம் கெடக்கு.
மிச்சக் கங்கு தர்றியா?"
ரெண்டாவது மீனை வாழையிலைக் கிழிசலில் கொடுத்தேன்.
நின்றபடியே தின்றாள்,
முள்ளை விரலால் வழித்து,
கருத்து ஒன்றும் சொல்லாமல்.
எலுமிச்சை இன்னொரு துண்டு கேட்டாள்.

கங்கை இடுக்கியால் ஒவ்வொன்றாய் எடுத்துப்
பெட்டிக்குள் அடுக்கினாள்.
மூடியைச் சாத்தி ஒருமுறை ஊஞ்சல்போல் ஆட்டினாள்.
பக்கத்து ஓட்டைகளில் சிவப்பாய்க் கண்விழித்து
நெருப்பு படியிறங்கிப் போனது.

திங்கட்கிழமை காலை ஷிப்டு.
மடிப்புக் கலையாத என் நீலச் சட்டையில்
லேசாய் மிளகும் புகையும்.
எபனேசர் ஒருமுறை மோந்து பார்த்தார்,
கட்டுப்பாட்டுத் திரையைப் பார்த்தார்,
திரும்பி என்னைப் பார்த்து
"எந்த ஞாயிறு?" என்றார்.